இரண்டாம் வால்வுக் குழியும் அதற்குள் சாய்த்து வைத்த பலாக்கிளையும்

அனுப்புநர்:
சி. கலைச்செல்வி,
தலைமையாசிரியர் (ஓய்வு),
ஓடைமேட்டுப்பட்டி, எடப்புளி நாடு,
கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
ஊரகக் குடிநீர்ப் பிரிவு,
கோட்ட அலுவலகம்.

பொருள்: எங்கள் ஊர்க் குடிநீர்த் திட்டத்தின் இரண்டாம் வால்வுக் குழிக்குள் கண்ணாடி விரியன் அடைபட்டிருப்பது – மூடியை உடனே திறக்கவும், குழிகளில் மரக்கிளை வைக்க அனுமதிக்கவும், டேங்க் ஆபரேட்டர் திருமதி தேன்மொழிக்கு அளித்த மெமோக்களைத் திரும்பப் பெறவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆவணியில் எங்கள் ஊருக்கு ஆய்வுக்கு வந்த தங்கள் உட்கோட்டப் பொறியாளர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏங்க டீச்சர், குடிதண்ணி வால்வு குழிக்குள்ள மரக்கிளை எதுக்குங்க?" நியாயமான கேள்வி. வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்றவள் நான். யாராவது நல்ல கேள்வி கேட்டால் எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி வரும். "பாம்பு ஏறி வெளிய போறதுக்குங்க" என்று பதிலைத் தொடங்கினேன். "ஓ, பாம்புக்கு ஏணி போட்டுக் குடுத்திருக்கீங்களா!" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. அன்று பாதியில் நின்ற பதிலின் மீதியைத்தான் இப்போது எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்தருள வேண்டும். அந்தப் பதில் போய்ச் சேராத காரணத்தால், ஒரு பெண் இன்று கையைக் கொடுப்பதா வேலையைக் கொடுப்பதா என்ற இடத்தில் நிற்கிறாள்.

2. முதலில் நன்றி சொல்ல வேண்டும். இந்தத் திட்டம் வருவதற்கு முன் எங்கள் நான்கு ஊர்ப் பெண்களும் ஓடைக்கு இறங்கித்தான் தண்ணீர் சுமந்தார்கள். குழாய் நன்றாகப் போட்டிருக்கிறீர்கள். வால்வுக் குழிகளையும் கொத்தனார் மிக நேர்த்தியாகக் கட்டியிருக்கிறார். ஆள் இடுப்புக்கு மேல் வரும் ஆழம். நான்கு பக்கமும் சிமெண்ட் பூச்சு, தடவினால் விரல் வழுக்கும். வால்வின் சக்கரம் பாதி ஆழத்தில் இருக்கிறது. உள்ளே இறங்கலாம் என்றால் கால் வைக்க இடமில்லை, குழாயே இடத்தை அடைத்துக்கொள்கிறது. மேலிருந்தபடியே திருகுவதற்கு நீண்ட பிடி வைத்த சாவி ஒன்று உண்டாம். எங்கள் மலைக்கு அது வந்து சேரவில்லை. ஆகவே ஆபரேட்டர் தேன்மொழி விடிந்ததும் குழி ஓரத்தில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டுச் சக்கரத்தைத் திருகுகிறாள். அவளுடைய கணவர் பூபதி சேலத்தில் கட்டட வேலை செய்கிறார். மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, இந்த வேலையை நம்பித்தான் அவள் வீடு நடத்துகிறாள்.

3. குழியில் எப்போதும் கொஞ்சம் கசிவு இருக்கும். ஈரத்துக்குத் தவளை வரும். தவளைக்குப் பாம்பு வரும். வருவது பிரச்சினை இல்லை ஐயா, திரும்பிப் போக முடியாததுதான் பிரச்சினை. பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் ஓர் உதாரணம் சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். காலி எவர்சில்வர் அண்டாவுக்குள் விழுந்த பல்லியைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுச் சுவரில் தலைகீழாக ஓடுகிற அதே பல்லி, அண்டாவின் பக்கத்தில் ஏறும், சறுக்கும், மறுபடி ஏறும். நாம் எட்டிப் பார்த்தால் பயத்தில் குதிக்கும். அதற்கு நம்மேல் கோபம் என்று நாம் நினைத்துக்கொள்வோம். பாம்பு வயிற்றுச் செதில்களை எதிலாவது ஊன்றித்தான் நகர்கிறது. இழைத்த பூச்சில் ஊன்ற எதுவும் இல்லை. அடைபட்ட கண்ணாடி விரியனும் அண்டாவுக்குள் விழுந்த பல்லிதான். விஷம் மட்டும் கூடுதல்.

4. சென்ற ஆண்டு ஐப்பசியில் நடந்ததைத் தாங்கள் அறிய வேண்டும். மின்சாரம் போய் வந்த மறுநாள் தண்ணீர் திறந்தால், குழாயில் அடைத்திருந்த காற்று நீளமாகச் சத்தமிட்டு வெளியேறும். வால்வு தளர்ந்திருந்தாலும் அதே சத்தம்தான். சத்தம் வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார், காற்று படும் இடத்தை இறுக்கு என்று தேன்மொழிக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அன்று இரண்டாம் குழியில் அப்படி ஒரு சத்தம். குக்கரில் ஆவி போவதுபோல நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அவள் மலையில் பிறந்து வளர்ந்தவள். மிளகுக் காட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் எடுத்த காலை அப்படியே நிறுத்தியிருப்பாள். குழாய்க்குப் பக்கத்தில் கேட்டதால் காற்று என்று நினைத்து, சொல்லிக் கொடுத்தபடியே உள்ளங்கையைச் சத்தத்தை நோக்கிக் கொண்டுபோனாள். குளிருக்காகக் கையில் தடித்த துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தாள். கையை அவள் உருவிக்கொண்டபோது துண்டு மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது. விரியனின் பல் துண்டில் மாட்டியிருந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது என்னைய ஏமாத்துலீங்க டீச்சர். வராதே வராதேன்னுதான் சொல்லுச்சு. எனக்குத்தான் பைப்பு சத்தமாட்டத் தெரிஞ்சுது" என்றாள். கடி கையில் பட்டிருந்தால், கொண்டை ஊசி வளைவுகள் எழுபதையும் இறக்கி அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

5. அந்தப் பாம்பைப் பக்கத்துக் காட்டுக்காரர் சென்றாயன் கவட்டைக் குச்சியும் வாளியும் வைத்து வெளியே எடுத்து ஓடைக்கு அப்பால் விட்டார். குடிதண்ணீர் இருக்கிற இடத்தில் எதையும் அடித்துக் கொல்லக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. வனக்காவலர் அருள்ராஜ் இதைக் கேள்விப்பட்டு வந்து, இனி அப்படிச் செய்தால் வழக்குப் பதிய வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார். அவர் சொன்னது சரி. பழக்கமில்லாதவர் பாம்பைப் பிடிப்பது பாம்புக்கும் ஆபத்து, பிடிப்பவருக்கும் ஆபத்து. தகவல் கொடுத்தால் தாமே ஆளோடு வருவதாகச் சொன்னார், சொன்னபடி வந்தும் இருக்கிறார். ஆனால் மழைக்காலத்தில் அவர் வந்து சேர மாலை ஆகிவிடும். அதுவரை வால்வு திறக்காது. குழாயடியில் குடத்தோடு நிற்பவர்கள் தேன்மொழியைத்தான் கேட்பார்கள். "ஏனுங்க தேனு, உங்கூட்டு விருந்தாளி எந்திரிச்சாச்சுங்களா? காப்பித் தண்ணிக்காச்சும் ஒரு கொடம் உடச் சொல்லுங்க" என்று ராசம்மாள் கேட்க, எல்லோரும் சிரிப்பார்கள். தேன்மொழியும் சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

6. வழி தற்செயலாகக் கிடைத்தது. கார்த்திகைக் காற்றில் ஒரு பலாக்கிளை முறிந்து, ஒரு முனை மூன்றாம் குழிக்குள்ளும் மறுமுனை தரையிலுமாகச் சாய்ந்து கிடந்தது. குழிக்குள் ஒரு விரியன் சுருண்டிருந்தது. அருள்ராஜுக்குத் தகவல் சொல்லிவிட்டு, எட்டத்தில் மேல்நிலைத் தொட்டியின் படியில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன். யாரும் கிட்டே போகவில்லை. வெயில் குழிக்குள் விழுந்ததும் அது தலையைத் தூக்கிக் கிளையைத் தொட்டுப் பார்த்தது. பிறகு மெதுவாக, மூட்டை தூக்கும் ஆள் படியேறுவதுபோல் இடையிடையே நின்று நின்று, மேலே வந்தது. தரைக்கு வந்ததும் என்னையோ ஊரையோ திரும்பிப் பார்க்கவில்லை. காப்பிச் செடிகளுக்குள் புகுந்து போய்விட்டது. அருள்ராஜ் வந்தபோது பிடிப்பதற்கு எதுவும் இல்லை. "இப்பிடி கிளைய வெக்கறது பிடிக்கிற கணக்குல வராதுங்க டீச்சர். அது தானா வந்துச்சு, தானா போச்சு. எனக்கும் டீசல் மிச்சம்" என்றார்.

7. அன்று முதல் ஒவ்வொரு குழியிலும் சொரசொரப்பான பலாக்கிளை ஒன்றைச் சாய்த்து வைத்தோம். அடிமுனை குழியின் தரையிலும் மேல்முனை குழி விளிம்பைத் தாண்டியும் இருக்க வேண்டும், செங்குத்தாக இருக்கக் கூடாது; இவ்வளவுதான் விதி. தேன்மொழி தினமும் நின்றபடியே டார்ச் அடித்துக் குழியின் நான்கு மூலையும் பார்ப்பாள். பாம்பு இருந்தால் விலகிப் போய் வேறு வேலை பார்ப்பாள். அது ஏறிப் போன பிறகு வந்து திறப்பாள். நல்ல பாம்பு ஏறிப் போவதைப் பார்த்தோம். பச்சை நிற மூங்கில் விரியன் ஒன்று கிளையிலேயே ஒரு பொழுது முழுக்கத் தங்கி, எங்கள் பொறுமையைச் சோதித்துவிட்டுப் போனது. தவளைகளும் கிளை வழியே வெளியே போயின. தவளை குறைந்ததும் பாம்பு வருவதும் குறைந்தது. கிளை வைத்தால் பாம்பு அதன் வழியே உள்ளே இறங்காதா என்று தாங்கள் கேட்கலாம். இறங்கலாம். ஆனால் விழுவதற்கு அதற்குக் கிளை தேவையில்லை, வெளியேறுவதற்குத்தான் தேவை. ஆவணி வரையில் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை, ஒரு நாளும் தண்ணீர் நிற்கவில்லை. சில நாட்களில் திறக்கத் தாமதம் மட்டும் ஆனது.

8. முதல் பத்தியில் சொன்ன ஆய்வு நடந்தது அதன் பிறகுதான். குழிகளில் குப்பை போட்டு வைத்திருந்ததாகத் தேன்மொழிக்கு மெமோ வந்தது. கிளைகளை எடுத்து ஓரமாகப் போட்டார்கள். ஐப்பசியில் எல்லாக் குழிகளுக்கும் கான்கிரீட் மூடி போட்டு, கொண்டி வைத்துப் பூட்டினார்கள். பாதுகாப்பு கருதித்தான் செய்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. சக்கரத்தைத் திருகுவதற்காக ஒவ்வொரு மூடியிலும் ஒரு கை நுழையும் அளவுக்கு வட்டமான ஓட்டை விட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டை வழியே தவளையும் விழுகிறது, அதைத் துரத்தி வரும் பாம்பும் விழுகிறது. முன்பு தேன்மொழி குழியைப் பார்த்துவிட்டுக் கைவிட்டாள். இப்போது தோள் போய் ஓட்டையை அடைத்துக்கொள்கிறது, கன்னம் கான்கிரீட்டில் படிகிறது. டார்ச் வெளிச்சம் ஓட்டைக்கு நேர் கீழே மட்டும்தான் விழுகிறது. மூலைகள் தெரிவதில்லை.

9. இன்றைய நிலைமைக்கு வருகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை காலை இரண்டாம் குழியிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம். தேன்மொழி கையை விடாமல் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "அது ஏர் லாக்கும்மா. கைய விட்டு நல்லா இறுக்கு, சரியாப் போயிடும்" என்று பதில் வந்தது. சென்ற ஆண்டு அவள் செய்த அதே தவறை, மலைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒருவர் போனில் செய்தார். நான் மூடியின்மேல் படுத்து, ஓட்டை வழியே டார்ச் அடித்துக் காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து வெளிச்சத்தில் ஒரு முதுகு நகர்ந்து போனது. சங்கிலி கோத்ததுபோல் பழுப்பு வட்டங்கள். காற்றுக்கு முதுகு கிடையாது என்பதை மட்டும் தங்களுக்குப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

10. அருள்ராஜ் அன்று மாலையே வந்து பார்த்து, கண்ணாடி விரியன்தான் என்று உறுதி செய்தார். மூடியைத் திறந்தால் எடுத்துவிடலாம் என்றார். மூடியின் சாவி தங்கள் உட்கோட்ட அலுவலகத்தில் இருக்கிறது. சாவி கேட்டபோது, குழிக்குள் பாம்பு இல்லை என்று வனத்துறை எழுதிக் கொடுத்தால்தான் ஊழியர்களைத் திறக்க அனுப்ப முடியும் என்றார்கள். பாம்பு இல்லை என்று எழுத வேண்டுமானால் முதலில் திறந்து அதை எடுக்க வேண்டும் என்கிறது வனத்துறை. இருவர் சொல்வதிலும் தவறு காண எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் மட்டும், மூடி ஒருநாளும் திறக்காது.

11. நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஓட்டை வழியே நானே ஒரு மூங்கிலை இறக்கிப் பார்த்தேன். செங்குத்தாக நின்றது, பருத்த விரியன் அதில் ஏறாது. பலாக்கிளை ஓட்டையில் நுழையாது. அடிவாரத்து வெல்டிங் பட்டறையில் சொல்லி நீண்ட பிடிச் சாவி ஒன்று செய்து வந்தோம். அளவு ஒத்துவராமல் சக்கரத்தின் ஒரு கம்பி முறிந்தது, அதற்கும் தேன்மொழியிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பூட்டை உடைக்கலாம் என்று சென்றாயன் கடப்பாரையோடு வந்தார். அரசுச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு யார் பெயரில் வரும் என்று கேட்டேன். எல்லோரும் தேன்மொழியைப் பார்த்தார்கள். அவர் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

12. இரண்டாம் வால்வுதான் கீழ்ப்புறம் உள்ள இரண்டு ஊர்களுக்குத் தண்ணீர் விடுவது. அங்கே மறுபடியும் ஓடைக்கு இறங்குகிறார்கள். சனிக்கிழமை அந்த வறண்ட குழாயடியில் ராசம்மாள் சிரிக்கவில்லை. "சம்பளம் வாங்கறவ கைய உட்டுத்தான் ஆவோணும். எங்க கால் தேயறது உங்குளுக்குத் தெரியலீங்களா?" என்றார். அவரையும் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு முழங்கால் வலி. அன்று மாலை இரண்டாவது மெமோ வந்தது: திங்கட்கிழமை மாலைக்குள் இரண்டாம் வால்வைத் திறக்காவிட்டால் தேன்மொழி பணியிலிருந்து நீக்கப்படுவாள்.

13. நேற்று தேன்மொழி என் வீட்டுக்கு வந்தாள். என்னிடம் படித்தவள், எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டாள். "நாளைக்குக் கைய உட்டர்றனுங்க டீச்சர். ரெண்டு துண்டு சுத்திக்கறன். மெமோவுக்குப் பதில் எழுதறத விட இது சுளுவு" என்றாள். துண்டு ஒருமுறை காப்பாற்றியது, மறுமுறை காப்பாற்றும் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை என்று சொன்னேன். "அதுவும் உள்ள பட்டினியா கெடக்குதுங்க. அதுக்கும் போக வழியில்ல, எனக்கும் இல்ல" என்றாள். "மனு போய்ச் சேரட்டும் கண்ணு, அதுவரைக்கும் கைய விடாதே" என்று வாக்கு வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறேன். அந்த வாக்கு இன்று மாலை வரைக்கும்தான். அதனால்தான் தபாலில் போடாமல், முதல் பஸ்ஸில் மலையிறங்கி இதை நேரில் கொடுக்க வருகிறேன்.

14. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து, இரண்டாம் குழியின் சாவியை இன்றே ஓர் ஊழியர் மூலம் அனுப்பி, வனக்காவலர் முன்னிலையில் மூடியைத் திறக்க ஆணையிட வேண்டும். ஊழியர் கிட்டே போக வேண்டியதில்லை; பூட்டைத் திறந்துவிட்டு ஜீப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம், மற்றதை அருள்ராஜ் பார்த்துக்கொள்வார். மூடி திறக்கும்வரை யாரும் ஓட்டைக்குள் கைவிடக் கூடாது என்று தேன்மொழிக்கு எழுத்தில் தர வேண்டும், ஏனென்றால் வாய்ச்சொல்லை மெமோ வென்றுவிடுகிறது. இரண்டு மெமோக்களையும் திரும்பப் பெற வேண்டும். கான்கிரீட் மூடிகளுக்குப் பதிலாக, உள்ளே பார்க்க முடிகிற, ஆபரேட்டரே திறக்க முடிகிற கம்பி வலை மூடி போதும். அதிலும் ஒரு மூலையில் கிளை வெளியே நீட்டிக்கொள்ள இடம் விட்டால் நல்லது. நீண்ட பிடி வைத்த சாவி ஒன்று, சரியான அளவில், வேண்டும். கிளைக்குச் செலவில்லை. பலாமரம் எங்களிடம் இருக்கிறது.

15. மெமோவில் கையெழுத்திட்டவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அந்த ஓட்டையைத் தாளில் பார்த்தவருக்கு அது ஒரு வட்டம். படுத்துப் பார்த்தவருக்குத்தான் அது வேறு. எனவே இந்த மனுவின் மேல் ஆணை எழுதுவதற்கு முன், ஒரு சிறு பயிற்சி செய்து பார்க்கும்படி வேண்டுகிறேன். ஒரு நிமிடம்கூட ஆகாது. பாம்பு இல்லை என்று தங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த தங்கள் மேசையின் கீழ் இழுப்பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலக உதவியாளரிடம் அதற்குள் ஏதாவது ஒன்றைப் போடச் சொல்லுங்கள், என்னவென்று கேட்காதீர்கள். பிறகு கன்னத்தை மேசைமேல் வைத்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கையை உள்ளே விடுங்கள்.

தங்கள் ஆணையை வாங்கிச் செல்ல அலுவலக வாசலில் காத்திருக்கும்,

(ஒப்பம்)
சி. கலைச்செல்வி

இடம்: ஓடைமேட்டுப்பட்டி
நாள்: 09.12.2024, திங்கட்கிழமை

நகல்: வனக்காவலர் திரு. அருள்ராஜ் அவர்களுக்கு, தகவலுக்காக.